பினாங்குக் கடைத்தெருவும் நாம் உடுத்திய துணியும்



இங்கிலாந்தின் தலைநகரான லண்டனில் கார்னபி தெரு என்று ஒரு குறுகிய தெரு உண்டு. 1960ஆம் ஆண்டுகளில் அந்தத் தெருக் கடைகளில் தொங்கிய சட்டையும் காற்சட்டையும் சில மாதங்களிலேயே பல நாட்டு இளைஞர்களின் உடம்பில் ஏறின. ஜப்பானில் தோக்கியோ நகரின் ஹராஜூகு வட்டாரமும் அப்படிப்பட்டதுதான். 1970களின் பிற்பகுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். இளைஞர்கள் கண்ணைப் பறிக்கும் தொளதொள உடைகளை அணிந்து நடுத்தெருவில் கூடி ஆடுவார்கள். அரண்மனையோ பெரிய நிறுவனமோ சொல்லிக்கொடுக்காமல், தெருவில் நடக்கிறவர்களே உண்டாக்கிக்கொண்ட உடை நாகரிகம் அது.

இந்தச் செய்தியைப் பாடத்தில் சொன்னபோது, "நமக்கும் அப்படி ஒரு தெரு இருந்ததா சார்?" என்று ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. இருந்தது, இன்னும் இருக்கிறது. செபராங் பிறை, தென் கெடா, வட பேராக் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு அந்தத் தெருவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பினாங்கு ஜார்ஜ் டவுனில் மார்க்கெட் ஸ்திரீட் என்று வெள்ளைக்காரர் பெயரிட்டு, இப்போது லெபோ பாசார் என்று வழங்கும் தெருதான் அது. நம்மவர் அதைக் கடைத்தெரு என்றே சொன்னார்கள். அதையொட்டி லெபோ பினாங்கு, லெபோ குவீன், லெபோ கிங், லெபோ சூலியா ஆகிய தெருக்கள் பின்னிக் கிடக்கின்றன. 'லிட்டில் இந்தியா' என்பது சுற்றுலாப் பயணிகளுக்காகப் பின்னாளில் மாட்டிய பலகை. நம் பாட்டிமார் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை.

இந்தத் தெருவின் வரலாற்றைத் துணியை வைத்துச் சொல்லப்போகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. மலாயாவுக்குத் தமிழர் வந்த கதை என்றால், கையில் மண்வெட்டியோடும் பால்வெட்டும் கத்தியோடும் கப்பலிலிருந்து இறங்கியவர் கதையாகவே நம் பிள்ளைகள் கேட்டு வளர்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே, தோளில் துணி மூட்டையோடு வந்த தமிழர் இங்கே இருந்தார்கள்.

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். அவர் வருவதற்கு வெகுகாலம் முன்பே, நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கெடாவுக்கு மரக்கலம் ஓட்டி வாணிபம் செய்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த இவர்களைத்தான் சூலியர் என்றார்கள். இவர்கள் கொண்டுவந்த முதன்மையான சரக்கு பருத்தித் துணி. துணியை இறக்கி, மிளகும் ஈயமும் பாக்கும் ஏற்றிச் செல்வார்கள். பினாங்கு தீர்வையில்லாத் துறைமுகம் என்று தெரிந்ததும் கெடாவில் இருந்தவர்களில் பலர் இங்கே கடை வைத்தார்கள். லைட் போட்ட முதல் தெருக்களில் ஒன்றுக்கு மலபார் தெரு என்று பெயர். அந்நாளில் ஐரோப்பியர் தமிழரை மலபாரிகள் என்று பிழையாகச் சொன்னதால் வந்த பெயர் அது. பின்னர் அதுவே சூலியா தெருவாயிற்று.

அந்தக் காலத்துத் துணி வியாபாரத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. நெய்கிறவர் இஷ்டத்துக்கு நெய்து அனுப்ப முடியாது. மலாய்க்காரர், அச்சேக்காரர், ஜாவாக்காரர் ஒவ்வொருவருக்கும் பிடித்த நிறம் வேறு, கரை வேறு, கட்டத்தின் அளவு வேறு. சாயவேரில் ஏற்றிய சிவப்பு ஓர் ஊரில் விலைபோகும். அவுரி நீலம் இன்னோர் ஊரில் விலைபோகும். கரையில் ஒரு கோடு மாறினாலும் அந்த மூட்டை அப்படியே தங்கிவிடும். ஆகவே வணிகர்கள் இங்கிருந்து மாதிரித் துணிகளைக் கொண்டுபோய் அங்குள்ள தறிக்காரரிடம் காட்டி நெய்யச் சொன்னார்கள். இன்றைக்கு 'பேஷன்' என்கிறோமே, அதைத் தீர்மானித்தவர்கள் அன்றும் இந்தக் கரையில் துணி வாங்கி உடுத்திய சாதாரண மக்கள்தாம். கடலுக்கு அப்பால் இருந்த தறி, இங்கே தெருவில் நடந்தவரின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது.

இதற்குச் சாட்சி மலாய் மொழியிலேயே இருக்கிறது. கட்டம் போட்ட கைலியை மலாய்க்காரர் 'காயின் பெலெக்காட்' என்கிறார்கள். பெலெக்காட் என்பது வேறொன்றுமில்லை, நம் பழவேற்காடுதான். சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையில் உள்ள ஊர். ஐரோப்பியர் நாவில் 'புலிக்காட்' ஆயிற்று. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே ஒரு கோட்டை கட்டிக்கொண்டு துணி ஏற்றுமதி செய்தார்கள். கோட்டை அழிந்துபோயிற்று. ஊர் இன்று மீன்பிடி ஊராக இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் இந்நாட்டுப் பள்ளிவாசல்களில் தொழப் போகிறவர்களின் இடுப்பில் அந்த ஊர்ப் பெயர் வாழ்கிறது. கடைக்கு 'கெடாய்' என்று அவர்கள் சொல்வதும் நம் சொல்லே.

கடைத்தெருவுக்கு மேற்கே எழுந்து நிற்கும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இல் தோன்றியது. அதற்கு முன்னின்றவர் காதர் முகைதீன். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்தவர், சூலியர்களின் கப்பித்தானாக ஆங்கிலேயர் அவரை ஏற்றுக்கொண்டார்கள். 'கெலிங்' என்னும் சொல் பின்னாளில் நம்மைப் புண்படுத்தும் சொல்லாயிற்று. அந்தக் காலத்தில் அது கலிங்கக் கரையிலிருந்து வந்தவர் என்ற பொருளில் வழங்கியது. குவீன் தெருவில் மகா மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. பினாங்குத் தெருவில் நாட்டுக்கோட்டை நகரத்தார் கிட்டங்கிகள் அமைந்தன. தைப்பூசத்தில் இன்றும் உலாவரும் அவர்களின் வெள்ளி ரதம் 1894இல் காரைக்குடியிலிருந்து வந்தது. இப்படிப் பள்ளிவாசல், கோயில், வட்டிக்கடை, துணிக்கடை எல்லாம் கூப்பிடு தூரத்தில் அமைந்த இடம் அது.

இந்த வளத்தின் நடுவே ஓர் இடி விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செஸ்டர் ஆலைகள் துணியை மலையாகக் குவித்தன. நம் கட்டக் கைலியைப் பார்த்து அதேபோல் எந்திரத்தில் நெய்து, பாதி விலைக்குக் கிழக்கு நாடுகளில் இறக்கினார்கள். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்களில் தறிகள் ஓய்ந்தன. பின்னர் தோட்டங்களுக்கு ஆள் திரட்டப்பட்டதும் பெரும்பாலும் இதே மாவட்டங்களிலிருந்துதான். வந்தவர்கள் எல்லாரும் நெசவாளர் என்று நான் சொல்லவில்லை. நிலமற்ற உழவுக் கூலிகளே மிகுதி. ஆனால் துணி விற்ற கரையே ஆட்களை அனுப்பும் கரையாக மாறியதைப் பார்க்கும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது.

செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள் வந்தன. பிறகு ரப்பர் வந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி முறை அதன்பின்னும் நீடித்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையை அடுத்த ஆவடியிலும் முகாமில் தங்கிக் கப்பலேறியவர்கள், பினாங்கில் முதலில் கண்டது கடைத்தெருவை அன்று. ஜெரெஜாக் தீவைத்தான். நோய் உண்டா இல்லையா என்று அங்கே அடைத்துவைத்துப் பார்த்த பிறகே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். கடைத்தெருவைக் காண அவர்கள் சம்பளமும் விடுமுறையும் ஒன்றுசேரும் நாள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்படி ஒரு நாள் வந்ததும் என்ன நடந்தது? தோட்டத்தில் உடுத்தும் உடுப்பு உங்களுக்குத் தெரியும். சேலையின்மேல் கணவனின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துணிக்கட்டு. பால் பட்ட கறை எத்தனை துவைத்தாலும் போகாது. அதன் வாடையும் போகாது. இந்த உடுப்போடு படகேறிப் பட்டணம் போக யாரும் விரும்பமாட்டார்கள். டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை போட்டு மடித்துவைத்த சேலை, அன்று ஒருநாள் வெளியே வரும். ஆண்கள் வெள்ளை வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு, பெண்கள் கனகாம்பர நிறத்திலும் கிளிப்பச்சையிலும் சேலை கட்டிக்கொண்டு, பட்டர்வொர்த் துறையில் இறங்கிப் படகில் அக்கரை போவார்கள். கடைத்தெருவின் அஞ்சடியில் அவர்கள் நடக்கும்போது இன்ன தோட்டத்து ஆள், இன்ன லயத்து ஆள் என்று யார் கண்டுபிடிக்க முடியும்? அங்கே அவர்கள் வாங்க வந்தவர்கள். கடைக்காரர் எழுந்து நின்று, "வாங்கம்மா, உட்காருங்க" என்று பாயை விரிப்பார். தோட்டத்தில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு அதட்டப்பட்ட பெண்ணுக்கு இது சின்ன விஷயமல்ல.

அஞ்சடி என்றேன். கடைக்கு முன்னால் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்க விடப்பட்ட ஐந்தடி அகல நடைபாதை. 1822இல் சிங்கப்பூரில் ராபிள்ஸ் இதைக் கட்டாயமாக்கினார். பினாங்கிலும் அது பரவியது. நடப்பதற்கென்று விட்ட இடத்தில் நம் வணிகர்கள் துணியைத் தொங்கவிட்டார்கள். தையற்காரர் தையல் எந்திரத்தைப் போட்டார். பூ கட்டுகிறவர், வளையல் விற்கிறவர், சாய்ந்து நின்று வேடிக்கை பார்க்கும் இளைஞர் எல்லாருக்கும் அதுவே இடம். கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைக்கு உடுத்திக் காட்டும் கடைகளைவிட, அஞ்சடியில் காற்றில் ஆடும் சேலை அதிகம் விற்றுக் கொடுத்தது என்றே நினைக்கிறேன்.

வெள்ளைக்காரர்களின் கடைகள் பீச் ஸ்திரீட் பக்கம் இருந்தன. அவற்றுள் பேர்போனது வைட்டவே லெய்ட்லா. கீழ்த்திசை நாடுகளெங்கும் கிளை வைத்திருந்த கம்பெனி. அங்கே கடன் கிடையாது, கையில் காசு வைத்தால்தான் சரக்கு. அதைக் கேலி செய்து அதன் பெயரையே திரித்து, 'உடனே கொடு' என்று பொருள்படும்படி வெள்ளைக்காரர்களே பட்டப்பெயர் வைத்தார்களாம். நம் கடைத்தெருவில் கதை நேர்மாறு. அங்கே கணக்குப் புத்தகம் உண்டு. அந்தப் புத்தகம் நமக்கு உதவியும் செய்தது, நம்மைக் கட்டியும் போட்டது. 1930ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அது 28 காசு, 24 காசு வரை இறங்கிற்று. பலர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அத்தகைய நாளிலும் தீபாவளிக்குப் பிள்ளைக்குப் புதுத்துணி என்றால் கடனன்றி வேறு வழியில்லை.

பின்னாளில் கடைக்குப் போகாமலே தோட்டத்துக்குக் கடை வந்தது. சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு லயம் லயமாக வந்த வியாபாரிகளை மறந்திருக்கமாட்டீர்கள். என் மாணவர்களுக்கு இதை வைத்து ஒரு கணக்குக் கொடுப்பேன். 60 வெள்ளிச் சேலையைத் தவணையில் எடுத்து, மாதம் 10 வெள்ளியாக எட்டு மாதம் கட்டினால் சேலையின் விலை என்ன? பிள்ளைகள் சட்டென்று 80 வெள்ளி என்பார்கள். வீட்டில் அம்மாவிடம் கேட்டுவரச் சொன்னால், பத்து வெள்ளிதான் என்று பதில் வரும். கட்டுவது மாதம் பத்து வெள்ளி. அதனால் அவர்கள் மனத்தில் விலையும் பத்து வெள்ளி. தவணை வியாபாரத்தின் சூட்சுமம் முழுவதும் இதற்குள் அடங்கிவிட்டது. இன்று கைத்தொலைபேசியில் 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்று வருவதும் அந்தச் சைக்கிள் மூட்டையின் பேரப்பிள்ளைதான்.

உடுப்பு என்பது மானத்தோடு பிணைந்த பொருள் என்பதற்கு வேறு பக்கமும் சான்று உண்டு. 1929ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. பினாங்கில் வந்திறங்கி மலாயாவில் சுற்றுப்பயணம் செய்தார். சாதியையும் கள்ளையும் விட்டு, சுயமரியாதையோடு நிமிர்ந்து வாழும் பேச்சு தோட்டங்கள் வரை எட்டியது. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகளில், பினாங்கில் அல்ல, சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1941ஆம் ஆண்டு அது. கூலி உயர்வும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் கேட்டவர்கள், வேறொன்றும் கேட்டார்கள்: துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். கூலியில் ஐந்து காசு கூட்டிக்கேட்பதை அதிகாரிகள் புரிந்துகொண்டார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடியே போவேன் என்பதுதான் அவர்களுக்குத் துடுக்காகப் பட்டது. படையை இறக்கி அடக்கினார்கள்; உயிர்களும் போயின. நல்ல சட்டை போட்டுச் சைக்கிளில் நிமிர்ந்து போகும் தொழிலாளி, அன்றைய ஆட்சியின் கண்ணுக்கு ஒரு கலகக்காரன்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் குண்டு பினாங்கில் விழுந்தது. 19ஆம் நாள் தீவு அவர்கள் கையில். கப்பல் நின்றது, துணியும் நின்றது. கடைத்தெருவில் அலமாரிகள் காலியாயின. தோட்டங்களில் சாக்கைக் கிழித்து உடுத்தினார்கள். வீட்டில் இருவருக்கு ஒரே சேலை இருந்தால், ஒருத்தி வெளியே போகும்போது மற்றவள் உள்ளே இருப்பாள் என்று மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த இருட்டிலும் ஒரு புதுமை நடந்தது. 1943இல் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் பலர் சேர்ந்தார்கள். கேப்டன் லட்சுமி தலைமையில் காக்கிச் சட்டையும் காற்சட்டையும் அணிந்து, துப்பாக்கி தூக்கி நடந்தார்கள். நேற்றுவரை முக்காட்டை இழுத்துவிட்டு நடந்த பெண், கூந்தலை வெட்டிக் காற்சட்டை போட்டாள். மலாயாத் தமிழ்ப் பெண்களின் உடை வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றத்தை எந்தக் கடைத்தெருவும் கொண்டுவரவில்லை. போர் முடிந்ததும் அவர்கள் மீண்டும் சேலைக்குத் திரும்பினார்கள் என்பது வேறு சங்கதி.

போருக்குப் பின் வந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகள்தாம் அந்தத் தெருக்களின் பொற்காலம். பினாங்கு இன்னும் தீர்வையில்லாத் துறைமுகம். தீபகற்பத்தில் வரி கட்டி வாங்கும் சரக்கு தீவில் மலிவு. ஆகவே படகேறிப் போய் வாங்குவது ஆசைக்கு மட்டுமல்ல, கணக்குக்கும் பொருந்தியது. திரும்பும்போது சுங்கச் சோதனை உண்டு. அதற்காகப் புதுச் சேலையை உடுத்திக்கொண்டு, பழையதைப் பையில் போட்டுக்கொண்டு வந்த அத்தைமார்களின் கதை எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஏராளம். அரசாங்க ஏடுகளில் இதைத் தேடாதீர்கள்.

அப்போது பட்டணத்தில் பார்க்க வேண்டிய தெரு கேம்பல் ஸ்திரீட். 1872, 1873ஆம் ஆண்டுகளில் பினாங்கில் ஆளுநர் பொறுப்பு வகித்த கேம்பல் என்பவர் பெயரால் வந்தது. சீனர் அதைப் புதுத் தெரு என்றார்கள். காலணி, கைக்கடிகாரம், நகை, தைத்த சட்டை எல்லாம் அங்கே. அதிலிருந்து பினாங்கு ரோட்டுக்கு வந்தால் சினிமாக் கொட்டகைகளும் சௌரஸ்தா சந்தையும். கடைத்தெருவில் சேலை, கேம்பல் தெருவில் காலணி, பினாங்கு ரோட்டில் படம் என்று ஒரே நாளில் முடித்துக்கொண்டு கடைசிப் படகில் திரும்பியவர்கள் உண்டு. படத்தில் கதாநாயகி கட்டிய சேலையின் நிறத்தைச் சொல்லி அடுத்த வாரம் கடைத்தெருவில் கேட்பார்கள். கடைக்காரரும் அந்தப் படத்தின் பெயரையே சேலைக்கு வைத்து விற்பார்.

தெருவில் நம் உடுப்பு மட்டும் இல்லை. பாபா நோஞ்ஞா வீட்டுப் பெண்கள் மெல்லிய வாயில் துணியில் பூவேலை செய்த கெபாயாவும் பாத்தேக் சாரோங்கும் அணிந்து வந்தார்கள். 2024இல் யுனெஸ்கோ கெபாயாவை மனித குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. மலேசியாவோடு இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை, தாய்லாந்து ஆகிய நாடுகளும் சேர்ந்து அதைக் கேட்டுப் பெற்றன. நம் பெண்களும் வீட்டில் சாரோங் கட்டப் பழகியது இவர்களைப் பார்த்துத்தான். நாகூர் தர்காவை ஒட்டிய சிறு கடைகளில் தமிழ் முஸ்லிம்கள் மலாய்க்காரர் அணியும் சொங்கோக்கைத் தைத்தார்கள். ஒருவர் உடுப்பை இன்னொருவர் தைப்பதும், இன்னொருவர் உடுப்பை ஒருவர் உடுத்துவதும் அந்தத் தெருக்களில் அன்றாடம் நடந்தவை.

1960களில் நைலக்ஸ் சேலை வந்தது. ஜப்பானிலிருந்து வந்த செயற்கை இழைத் துணி. துவைத்தால் உடனே காயும், இஸ்திரி வேண்டாம். காலை ஐந்து மணிக்கு எழுந்து வெட்டுக்குப் போகும் பெண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உடம்புக்குச் சூடு என்று பெரியவர்கள் முணுமுணுத்தது எடுபடவில்லை. அங்கே இந்தியாவில் வெளிநாட்டுத் துணி இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்த காலம். ஆகவே ரஜூலா கப்பலில் ஊருக்குப் போகிறவர் பெட்டியில் நைலக்ஸ் சேலையும் கைலியும் முதலில் ஏறும். தஞ்சாவூர்க் கல்யாண வீட்டில் பினாங்குச் சேலை கட்டியவளுக்குத் தனி மதிப்பு. இருநூறு ஆண்டுக்கு முன் சோழமண்டலக் கரை இங்கே துணி அனுப்பியது. இப்போது இங்கிருந்து அங்கே போயிற்று. தோட்டத் தொழிலாளியின் பெட்டி வழியாகப் போயிற்று.

கைலிக் கட்டத்தின் கதையில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடைகளுக்குச் சென்னைக் கட்டத் துணி போனது. துவைத்தால் சாயம் ஓடும் துணி. முதலில் வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். வியாபாரிகள் கெட்டிக்காரர்கள். சாயம் ஓடுவதுதான் இதன் சிறப்பு, ஒவ்வொரு துவைப்பிலும் புதுநிறம் என்று விளம்பரம் செய்தார்கள். கல்லூரி மாணவர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். நம் லயத்துக் கொடியில் அதே கட்டம் சாயம் போய்த் தொங்கியபோது அதை யாரும் நாகரிகம் என்று சொல்லவில்லை. துணியின் மதிப்பை யார் உடுத்துகிறார் என்பதே முடிவு செய்தது!

1970களில் நம் பையன்கள் பெல்பாட்டமும் அகலக் காலரும் போட்டுத் தலைமுடியை வளர்த்தார்கள். வீட்டில் ஏச்சு. சிங்கப்பூரில் நீண்ட தலைமுடி வைத்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று அரசாங்க அலுவலகங்களிலேயே சுவரொட்டி வைத்தார்கள். முடி நீண்டால் நாடு கெடுமா என்பதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. ஆசிரியர் வேலையில் இருப்பதால் சொல்லாமல் விடுகிறேன்.

அதற்குள் தெருவுக்குச் சோதனை தொடங்கிவிட்டது. 1969இல் தீர்வையில்லாத் துறைமுக உரிமை போயிற்று, மலிவும் போயிற்று. 1985 பிப்ரவரியில் எம்.வி. சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியது. உயிர்ச்சேதம் நேர்ந்தது. அதோடு தமிழகத்துக்கும் பினாங்குக்கும் இடையே பயணிகள் கப்பல் நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. கடல்வழி ஒன்று மூடிற்று. தரைவழி ஒன்று திறந்தது. ஆனால் அதற்குள் தோட்டங்களே கைமாறிக்கொண்டிருந்தன. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். சில இடங்களில் வீடமைப்புத் திட்டம் வந்தது. கடைத்தெருவுக்குப் படகேறி வந்த குடும்பங்கள் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குச் சிதறின.

பெரிய அடி 2000ஆம் ஆண்டு விழுந்தது. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கடைவீடுகளின் வாடகையை உயரவிடாமல் பிடித்துவைத்திருந்தது. அதை நீக்கும் சட்டம் 1997இல் நிறைவேறி, 2000ஆம் ஆண்டு பிறந்ததும் வாடகை வீட்டுக்காரர் விருப்பம் என்றாயிற்று. தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் பலர் காலி செய்தார்கள். 2008 ஜூலை 7ஆம் நாள் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. கட்டடங்களுக்குப் பாதுகாப்பு வந்தது. கட்டடத்துக்குள் இருந்த தையற்காரருக்கும் பூக்காரருக்கும் அந்தப் பாதுகாப்பு வரவில்லை. 2012இல் ஆர்மீனியன் தெருச் சுவரில் சைக்கிளோட்டும் பிள்ளைகளின் ஓவியம் வரையப்பட்டதும், அதன் முன்னே நின்று படம் பிடிக்க உலகமே வந்தது. இப்போது பட்டணத்தின் புதுநாகரிகத் தெரு அதுதான். காப்பிக்கடை, கைவினைக் கடை, ஓவியச் சட்டை எல்லாம் அங்கே.

கடைத்தெரு முடிந்துபோயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு போய்ப் பாருங்கள். அஞ்சடியில் காலெடுத்து வைக்க இடமிராது. சேலையைவிடப் பஞ்சாபி உடையும் லெஹங்காவும் அதிகம் தொங்குகின்றன. பாட்டி சேலை என்பார், பேத்தி லெஹங்கா என்பாள், நடுவில் தாய் இருவருக்கும் கணக்குப் பார்ப்பார். வேறு நாடுகளிலிருந்து வேலைக்கு வந்திருப்பவர்களும் இப்போது அந்தத் தெருவில் துணி பார்க்கிறார்கள். தோட்டங்களில் நம்மவர் விட்ட வேலையைச் செய்கிறவர்கள் அவர்கள்தாம். சம்பளம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை, நல்ல சட்டை போட்டு, தலை வாரி, மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வருகிறார்கள். விலை கேட்டுத் தயங்கி நிற்கிறார்கள். கடைக்காரர் மலாய் மொழியில் அவர்களை உள்ளே அழைக்கிறார்.

பள்ளிவாசல் பக்கத்துக் கடை ஒன்றில் குடியாத்தத்துக் கைலிகள் அடுக்கியிருக்கின்றன. மலாய்ப் பெரியவர் ஒருவர் உள்ளே வந்து 'காயின் பெலெக்காட்' என்று கேட்கிறார். கடைப் பையன் உள்பக்கம் திரும்பி, "அண்ணே, நீலக் கட்டம் கைலி ரெண்டு எடுங்க" என்று குரல் கொடுக்கிறான்.